எந்தத் தூளில் அழுக்கு போகும், எதில் மணம் நிற்கும்?

துணி துவைப்பது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சலவைத்தூள், லிக்விட் சம்பந்தப்பட்டவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

இரண்டு சலவைத்தூள், ஒரு லிக்விட் வாங்கி வைத்திருக்கிறேன். மாற்றி மாற்றித் துவைத்துப் பார்த்தும் எது நன்றாக அழுக்கு எடுக்கிறது என்று பிடிபடவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– வாசகி, ஈரோடு

உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பழைய வேட்டியும் போதும். மாற்றி மாற்றித் துவைத்தால் பிடிபடாது. ஒவ்வொரு தடவையும் துணி வேறு, அழுக்கு வேறு, சில வீடுகளில் தண்ணீரே வேறு. தூளைத் தவிர மற்ற எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பலமுறை துவைத்துப் பழசான வெள்ளைப் பருத்தி வேட்டியாக எடுங்கள். புது வேட்டியில் கஞ்சியும் மெருகும் இருப்பதால் கறை சரியாக இறங்காது. 10 செ.மீ. சதுரமாக இருபது துண்டு வெட்டுங்கள். நான்கு துண்டில் சாம்பார், நான்கில் பால் சேர்த்த டீ, நான்கில் நல்லெண்ணெயில் குழைத்த கரி, நான்கில் செம்மண் கரைசல். குழந்தைகளின் மருந்து பாட்டிலோடு வரும் சிரிஞ்சால் துண்டுக்கு 1 மி.லி. என்று அளந்து விடுங்கள். மீதி நான்கு துண்டு கறை படாமல் அப்படியே இருக்கட்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறோம். கறையிட்டவற்றை ஓர் இரவு காயவிடுங்கள்.

மறுநாள், மூடி உள்ள பெரிய ஜாடி நான்கு. மூன்றில் உங்கள் மூன்று சரக்கு, நான்காவதில் வெறும் தண்ணீர். இந்த வெறும் தண்ணீர் ஜாடியை விட்டுவிடாதீர்கள். செம்மண்ணில் ஒரு பகுதியைத் தண்ணீரே எடுத்துவிடும். அந்தப் பெருமையைத் தூளுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அளவுதான் பலர் தவறும் இடம். 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், 1 லிட்டர் ஜாடிக்கு 3 கிராம். சமையலறைத் தராசு 3 கிராமைச் சரியாகக் காட்டாது. அதனால் 30 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நன்றாகக் கலக்கி, அதில் 100 மி.லி. எடுத்து 900 மி.லி. தண்ணீரோடு சேருங்கள். தூளை எடுக்கும் முன் பாக்கெட்டைக் குலுக்கிப் புரட்டிவிட வேண்டும். கனமான மணிகள் அடியில் தங்கியிருக்கும். மேலாக அள்ளினால் அரைகுறைச் சரக்குதான் வரும்.

ஜாடிக்கு ஐந்து துண்டு: நான்கு கறையும் ஒவ்வொன்று, சுத்தமான துண்டு ஒன்று. அரை மணி நேரம் ஊறவிட்டு, மூடிய ஜாடியை நூறு தடவை குலுக்கி, புதுத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். காயப்போடுவது நிழலில். வெயிலில் போட்டால் சாம்பாரின் மஞ்சளை வெயிலே வெளுத்துவிடும், எல்லாத் துண்டும் ஒரே போலத் தெரியும். எது எந்தத் தூள் என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. வீட்டில் இன்னொருவர் ஓரத்தில் நூலால் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று போட்டுக் குறித்து வைக்கட்டும். விலை அதிகம் என்று தெரிந்தாலே கண் அந்தப் பக்கம் சாயும்.

இனிப் பார்ப்பது. எண்ணெய்க்கரித் துண்டு, காலர் அழுக்கு எப்படிப் போகும் என்பதைச் சொல்லும். சாம்பாரிலும் பால் டீயிலும் ஒன்று மட்டும் தெளிவாக முந்தினால் அதில் என்சைம் இருக்க வாய்ப்பு அதிகம். புரோட்டீஸ் என்ற என்சைம் பால், பருப்பு, வியர்வை ஆகியவற்றின் புரதத்தை அறுக்கும், அமிலேஸ் மாவுப்பொருளை அறுக்கும். டீயின் பழுப்பே மறைந்திருந்தால் ஆக்சிஜன் ப்ளீச் கலந்த தூளாக இருக்கலாம். லிக்விடில் அந்த வகை ப்ளீச் தாக்குப்பிடிக்காது என்பதால் டீக்கறையில் லிக்விட் பின்தங்குவது இயல்பு. செம்மண்ணில் பெரும்பாலும் தூள் முந்தும், எண்ணெயில் லிக்விட் ஈடுகொடுக்கும்.

கறை படாத துண்டை இப்போது எடுங்கள். அது சாம்பல் பூத்திருந்தால், அந்தச் சரக்கு எடுத்த அழுக்கைத் தண்ணீரில் தாங்கி வைக்காமல் திரும்பத் துணியிலேயே இறக்கியிருக்கிறது. பனியன் நாலு மாதத்தில் மங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான். நல்ல தூளில் இதைத் தடுக்க சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) போன்ற பொருளைச் சேர்ப்பார்கள்.

பகலில் ஜன்னலோரம் ஒருமுறை, இரவில் எல்.ஈ.டி. பல்பின் கீழ் ஒருமுறை பாருங்கள். பகலில் பளீரென்றும் இரவில் மற்றவற்றைப் போலவும் தெரிந்தால், அந்தப் பளீர் வெண்மையூட்டியின் வேலை. அது சூரிய ஒளியின் புற ஊதாக்கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும் சாயம், அழுக்கை எடுப்பதில்லை. எல்.ஈ.டி. வெளிச்சத்தில் புற ஊதா அநேகமாக இல்லாததால் அங்கே அந்தப் பளீர் தெரியாது.

ஒரு சுற்றை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று சுற்று பாருங்கள். கடைசியில் விலை. கிலோ 120 ரூபாய்த் தூள் ஒரு சலவைக்கு 100 கிராம் கேட்டால் 12 ரூபாய். கிலோ 240 ரூபாய்த் தூள் 40 கிராமில் முடித்தால் 9 ரூபாய் 60 காசு. பாக்கெட் விலையைப் பார்த்து வாங்குபவர்கள் இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள்.

எங்கள் போர் தண்ணீரில் எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வருவதில்லை. தூள் மட்டமா, தண்ணீர் மட்டமா?
– வாசகர், ராமநாதபுரம்

தண்ணீர். சந்தேகமிருந்தால் உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) சதவீதம் அச்சிட்ட குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவி, மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ கரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டிலில் கால் லிட்டர் போர் தண்ணீர், கால் லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி கரைசல் விட்டுக் குலுக்குங்கள். நுரை எழாமல் பால்போலத் திரிந்து பிசுக்கு மிதந்தால் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீர். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மி.கி. என்று வைக்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கிறது.

சோப் இந்த உப்புகளோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். சலவைத்தூளில் இருக்கும் டிடர்ஜென்ட் அப்படித் திரியாது, ஆனாலும் அதன் பலத்தில் ஒரு பங்கு உப்பைச் சமாளிப்பதிலேயே செலவாகும். துவைக்கும் முன் தண்ணீரைப் பக்குவப்படுத்துங்கள். லிட்டருக்கு 500 மி.கி. கடினத்தன்மையுள்ள தண்ணீர் 10 லிட்டருக்குச் சுமார் 5 கிராம் சலவைச் சோடாத்தூள், அதாவது தோராயமாக ஒரு தேக்கரண்டி. கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்துப் பயன்படுத்துங்கள். அடியில் தங்கும் வெள்ளை, சுண்ணாம்பு. வெள்ளாவி வைக்கும் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்துப் பயன்படுத்தியது அதிலுள்ள இதே சோடாவுக்காகத்தான்.

ஒரு தவறைப் பல வீடுகளில் செய்கிறார்கள்: ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரைத் துணி துவைக்கச் சேர்த்து வைக்கிறார்கள். உள்ளே போன தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும். அது தரை துடைக்கட்டும்.

நுரையை வைத்துத் தூளை எடைபோடவும் வேண்டாம். அழுக்கு எடுக்கும் பொருள் வேலை செய்வது தண்ணீருக்குள்ளே, துணியின் மேல். ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கான தூளில் நுரையை அடக்கும் பொருளைத் தெரிந்தேதான் கலக்கிறார்கள். துணி மேலேயிருந்து விழுந்து அடிபடுவதுதான் அங்கே துவைப்பு, நுரை நிறைந்தால் மெத்தையில் விழுவது போலாகிவிடும்.

பாக்கெட்டைத் திறந்தால் மல்லிகை மணம் தூக்குகிறது. துவைத்துக் காய்ந்த துணியில் ஒன்றுமில்லை. மழைக்காலத்திலோ மக்கிய வாடை வேறு. எந்தத் தூள் வாங்கினால் மணம் நிற்கும்?
– வாசகி, நாகர்கோவில்

பாக்கெட்டில் மணப்பதும் துணியில் நிற்பதும் வேறு வேறு. திறந்ததும் மூக்கில் ஏறுவது சீக்கிரம் ஆவியாகும் வாசனைப்பொருள். அலசும்போதும் காயும்போதும் அது போய்விடும். கடையில் முகர்ந்து வாங்குவதை விட்டுவிடுங்கள். சிறிய பாக்கெட்டாக வாங்கி, ஒரு கைத்துண்டைத் துவைத்து, மூன்று தருணங்களில் முகர்ந்து பாருங்கள்: பிழிந்த ஈரத்தில், நிழலில் காய்ந்து ஒரு நாள் கழித்து, மடித்து பீரோவில் ஒரு வாரம் வைத்த பிறகு. ஒவ்வொரு துண்டையும் தனி டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் மணம் மற்றதில் ஏறும். ஒரு வாரத் துண்டு சும்மா இருக்கும்போது மணக்காமல், கசக்கியதும் மணந்தால், வாசனையை நுண்ணிய கூடுகளில் அடைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். உரசலில் கூடு உடைந்து மணம் வரும்.

மக்கிய வாடைக்கு மணம் மருந்தல்ல. ஈரம் நெடுநேரம் நிற்கும் துணியில், போகாமல் தங்கிய உடல் எண்ணெயைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது; மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற ஒன்றை இந்த வாடைக்குக் காரணமாக ஆய்வாளர்கள் இனங்கண்டிருக்கிறார்கள். அதன்மேல் வாசனையைப் பூசினால், உடல் சூட்டில் இரண்டும் கலந்து எழும். அது தனியான வாடையைவிட மோசம். பாலியஸ்டர் சட்டைகளில் இன்னும் அதிகம், ஏனென்றால் அந்த நூல் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடாது.

வாடையடிக்கும் துணியை உள்பக்கம் வெளியே திருப்பி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் என்சைம் உள்ள தூளோடு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கொதிநீர் ஊற்றினால் என்சைம் செத்துவிடும். வெள்ளைப் பருத்தியானால் 5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆக்சிஜன் ப்ளீச் சேர்க்கலாம். துவைத்த துணி மெஷினுக்குள் கிடக்கக் கூடாது. மழை நாளில் ஃபேனுக்குக் கீழே, துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விட்டுப் போடுங்கள்.

கண்டிஷனரைத் தூளோடு சேர்த்துக் கொட்டினால் மணம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டின் மின்சுமையும் எதிரெதிர். ஒன்றையொன்று கட்டிப்போட்டு, அழுக்கும் போகாது, மென்மையும் வராது. கடைசி அலசலில் மட்டும் ஊற்றுங்கள். துவாலைக்கு வேண்டவே வேண்டாம், தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

வேட்டியில் சாம்பார் சிந்தியது. சோப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. தூளில் கோளாறா?
– வாசகர், கும்பகோணம்

கோளாறில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கண்முன்னே மஞ்சளாகத் திரும்பும். சலவைத்தூளும் சலவை சோப்பும் காரமானவை, அதுதான் காரணம். முதலில் லிக்விடைத் தேய்த்து 15 நிமிடம் விட்டு எண்ணெயை எடுங்கள். நன்றாக அலசியதும் பழைய மஞ்சள் தெரியும். ஈரமாகவே உச்சிவெயிலில் இரண்டு மூன்று மணி நேரம், கறை வானத்தைப் பார்க்கும்படி விரித்துப்போடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது. போகாவிட்டால் நனைத்து மறுநாளும் போடலாம். கறை இருக்கும்போது இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.

கறுப்புப் பேன்ட்டில் வெள்ளைத் திட்டு. தூளை மாற்றியும் போகவில்லை.
– வாசகர், சேலம்

கரையாத தூளாக இருக்கலாம், அல்லது தூளிலுள்ள சோடா உங்கள் உப்புத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து உண்டான சுண்ணாம்பாக இருக்கலாம். முதலாவது, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் வழுக்கிக் கரையும். இரண்டாவது கரையாது, வெள்ளை வினிகர் ஒரு சொட்டு விட்டால் மறையும். தூளை நேரே துணிமேல் தூவாமல் ஒரு மக் வெந்நீரில் கரைத்து, அது ஆறியதும் ஊற்றுங்கள். அடர்நிறத் துணிகளுக்கு லிக்விட் நல்லது. ஏற்கெனவே பூத்தவற்றை 10 லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. வினிகர் கலந்து ஒருமுறை அலசுங்கள். குளோரின் ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடக் கூடாது, நச்சு வாயு எழும்.

பட்டுப்புடவைக்கும் இதே லிக்விட் போடலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

என்சைம் இருந்தால் போடாதீர்கள். பட்டு ஒரு புரதம். பால் கறையை அறுக்கும் அதே புரோட்டீஸ் பட்டையும் அரிக்கும். சாதாரணத் தூளின் காரமும் ஆகாது, பளபளப்புப் போகும். பட்டு, கம்பளிக்கு என்றே உள்ள லிக்விட் வாங்கி, முந்தானை உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வீட்டில் துவைக்க வேண்டாம், டிரைகிளீனிங்தான்.