விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் மட்டும்தானா?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மதுரையில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. நான், கணவர், மாமியார் மூன்று பேருக்கும் முந்தின நாள் மாலை 5.40 விமானத்துக்கு ஒரு பயண இணையதளத்தில் டிக்கெட் போட்டிருந்தோம். ஒருவருக்கு 4,850 ரூபாய். அன்று மதியம் 1.10-க்கு, 'ஆபரேஷனல் காரணங்களால் விமானம் ரத்து' என்று எஸ்எம்எஸ் வந்தது. ஏர்போர்ட் போய்க் கேட்டால், மறுநாள் காலை 11 மணி விமானத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். வளைகாப்போ காலை 9 மணிக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு 8,200 ரூபாய்க்கு டாக்ஸி பிடித்துப் போனோம். இரண்டு மாதம் ஆகிறது. டிக்கெட் பணம் அந்த இணையதளத்தின் வாலட்டில் கிடக்கிறது. வாலட்டில் போடச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. அவர்களைக் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள், நிறுவனம் அவர்களைக் கைகாட்டுகிறது. எங்களுக்கு என்னதான் வரவேண்டும்? டிசம்பரில் குழந்தையைப் பார்க்க மறுபடி போக வேண்டும். மழைக் காலத்தில் இதே மாதிரி ஆனால் என்ன செய்வது?"

உங்களுக்கு வரவேண்டியது இரண்டு தனித்தனிப் பணம். ஒன்று ரீஃபண்ட். இன்னொன்று இழப்பீடு. இரண்டாவதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கஸ்டமர் கேரிலும் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். விமானம் ரத்தாகி என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் டிக்கெட் பணம் வந்தாலே போதும் என்ற நிலையில்தான் வருகிறார்கள். அப்படி விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. ரத்து என்று 2 வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால், மாற்று விமானமோ ரீஃபண்டோ தந்தால் போதும். 2 வாரத்துக்கும் குறைவாக, ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால், நீங்கள் கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கிளம்புகிற மாற்று விமானமோ ரீஃபண்டோ தர வேண்டும். உங்களுக்குச் சொன்னது நாலரை மணி நேரத்துக்கு முன்பு. ஆகவே நீங்கள் மூன்றாவது வகை. இந்த வகைக்கு விதி சொல்வது இதுதான்: பயணி ஏற்றுக்கொள்கிற மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் முழு ரீஃபண்டோடு இழப்பீடும் சேர்த்துத் தர வேண்டும்.

அந்த 'ஏற்றுக்கொள்கிற' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கவுன்டரில் நின்றுகொண்டு, வேறு வழி தெரியாமல், 'சரி, காலை 11 மணி விமானமே கொடுங்கள்' என்று சொல்லியிருந்தால் இழப்பீடு கேட்க வழியே இருந்திருக்காது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். விதி தெரியாமலே சரியான பதிலைச் சொல்லியிருக்கிறீர்கள். எஸ்எம்எஸ்ஸோடு வருகிற லிங்க்கும் இப்படித்தான். அதில் 'ஏற்கிறேன்' என்று தட்டினால் கவுன்டரில் சரி சொன்ன மாதிரிதான். அவசரத்தில் யாரும் அதைத் தட்டக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். டிக்கெட்டில் புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் இடையே போட்டிருப்பதை பிளாக் டைம் என்பார்கள். 1 மணி நேரம் வரை என்றால் இழப்பீட்டின் உச்சவரம்பு 5,000 ரூபாய், 1 முதல் 2 மணி நேரம் என்றால் 7,500, அதற்கு மேல் 10,000. இந்தத் தொகையா, அல்லது ஒரு வழிப் பயணத்தின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையா, எது குறைவோ அதுதான் கிடைக்கும். சென்னை - மதுரை 1 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், ஆக உங்கள் உச்சவரம்பு 7,500. 4,850-ல் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் போக, அடிப்படையும் எரிபொருளும் 3,900 என்று வைத்துக்கொள்வோம் (சரியான தொகை டிக்கெட்டின் கட்டண விவரத்தில் இருக்கும்). அப்படியானால் ஒருவருக்கு ரீஃபண்ட் 4,850, இழப்பீடு 3,900. மூன்று பேருக்கும் சேர்த்து 26,250 ரூபாய். இன்று உங்கள் வாலட்டில் கிடப்பது 14,550.

இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத அசாதாரணச் சூழ்நிலை. இயற்கைச் சீற்றம், மோசமான வானிலை, பாதுகாப்பு மிரட்டல், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம், விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தால் வந்த தடை இவையெல்லாம் இதில் வரும். 'ஆபரேஷனல் காரணம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இதில் வராது. விமானி இல்லை, பணிக்குழுவின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது, வேறு ஊரிலிருந்து வரவேண்டிய விமானத்தை வேறு தடத்துக்குத் திருப்பிவிட்டோம் என்பதெல்லாம் நிறுவனம் திட்டமிட வேண்டிய வேலை, அதன் விலையைப் பயணி தலையில் கட்டக் கூடாது. ஆனால் கவுன்டரில் ஒரு காரணமும் பிறகு வரும் பதிலில் வேறொரு காரணமும் சொல்வது நடக்கிறது. எனக்கே நடந்தது. பணிக்குழு இல்லை என்று நேரில் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வந்த மெயிலில் அது மோசமான வானிலையாக மாறியிருந்தது. அன்று அதே நேரத்தில் அதே ஊருக்கு இன்னொரு நிறுவனத்தின் விமானம் கிளம்பியதைக் காட்டும் அறிவிப்புப் பலகையை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்த ஒரு படத்தை அனுப்பிய பிறகு வானிலைப் பேச்சே வரவில்லை. அதனால் உங்கள் போனில் அந்த எஸ்எம்எஸ் இருந்தால் அழிக்காதீர்கள், இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். அவர்களே எழுதிக்கொடுத்த காரணம் அது.

இரண்டாவது, தொடர்பு விவரம். டிக்கெட் எடுக்கும்போது சரியான போன் எண்ணோ மெயிலோ தராதவருக்கு இழப்பீடு இல்லை என்றும் விதி சொல்கிறது. உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது, பிரச்சினை இல்லை. மற்றவர்கள் கவனிக்க வேண்டும். ஏஜென்ட் தன் எண்ணையே கொடுத்துவிட்டால் ரத்துச் செய்தி அவருக்குத்தான் போகும். டிக்கெட் போட்ட அன்றே விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு, உங்கள் எண்ணும் மெயிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அப்புறம் அந்த வாலட். இதில் நீங்கள் கொஞ்சம்கூட இறங்கி வர வேண்டியதில்லை. பணத்தைக் கிரெடிட்டாக, அதாவது அடுத்த டிக்கெட்டுக்கான இருப்பாக, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக அப்படிச் செய்யக் கூடாது என்று டிஜிசிஏ சொல்லியிருக்கிறது. ஏஜென்ட் அல்லது இணையதளம் வழியாக எடுத்த டிக்கெட்டிலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனம்தான், ஏஜென்ட் என்பவர் அவர்கள் நியமித்த பிரதிநிதி. 'அவர்களைக் கேளுங்கள்' என்று கைகாட்ட நிறுவனத்துக்கு இடமில்லை. ஒன்றே ஒன்று: அந்த வாலட் பணத்தை வேறு டிக்கெட்டுக்கு இப்போது பயன்படுத்திவிடாதீர்கள். எடுத்துவிட்டால் வாலட்டை ஏற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இனி போன் செய்வதை நிறுத்துங்கள். போனில் பேசியதற்கு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. விமான நிறுவனத்துக்கு ஒரு மெயில், இணையதளத்துக்கு அதன் நகல். பிஎன்ஆர், தேதி, விமான எண், ரத்துச் செய்தி வந்த நேரம், அவர்கள் சொன்ன காரணம், மாற்று விமானத்தை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி. பிறகு, 'டிக்கெட்டுக்குப் பணம் செலுத்திய அதே கணக்குக்கு இவ்வளவு ரூபாய் ரீஃபண்டும், டிஜிசிஏ விதிப்படி இவ்வளவு ரூபாய் இழப்பீடும் தர வேண்டும்' என்று இரண்டு தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்து எழுதினால் ரீஃபண்டைக் கொடுத்துவிட்டு, புகார் தீர்ந்தது என்று முடித்துவிடுவார்கள். மாமியாரின் அலைச்சல், மன வருத்தம் எல்லாம் உண்மைதான், எனக்கும் புரிகிறது, ஆனால் இந்த மெயிலில் வேண்டாம். அதற்கு இடம் பின்னால் வருகிறது.

பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால், அதே நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு, அதற்கு மேல் அப்பீல் அதிகாரிக்கு எழுதலாம். மெயில் முகவரிகள் அவர்கள் தளத்திலேயே இருக்கும். கூடவே மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ செயலியிலோ புகாரைப் பதிவு செய்யுங்கள். அங்கே ஒரு புகார் எண் கிடைக்கும், நிறுவனம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். பல பேருக்கு ரீஃபண்ட் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. இழப்பீட்டுக்குத்தான் இழுத்தடிப்பார்கள்.

அப்படி இழுத்தால் நுகர்வோர் ஆணையம். விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கேயோ வடக்கே இருக்கிறது, அங்கே போய் யார் வழக்கு நடத்துவது என்று பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். குரோம்பேட்டை என்பதால் உங்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட ஆணையம், சென்னை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு சென்னை வடக்கு அல்லது தெற்கு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. 2 வருட அவகாசம் இருக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள், எஸ்எம்எஸ்ஸும் டாக்ஸி ரசீதும் அதற்குள் தொலைந்துபோகும்.

டாக்ஸிக்குக் கொடுத்த 8,200 ரூபாய் டிஜிசிஏ விதியில் வராது. விமான நிறுவனம் தானாகத் தராது. மன உளைச்சலுக்கான தொகையையும் வழக்குச் செலவையும் போல அதையும் ஆணையத்தில்தான் கேட்க முடியும். கொடுப்பதும் குறைப்பதும் ஆணையத்தின் முடிவு. ஆதாரம் இல்லாமல் கேட்பதில் பயனில்லை. ரசீது இல்லையென்றால், ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் டிரைவரின் வாட்ஸ்அப் செய்தியும் இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

சரி, டிசம்பர். சென்னையில் இது தனிக் கவலைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கத்தில் நாட்கணக்கில் சேவை நின்றது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தை மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் மறுபடியும். இப்படி ஒரு நாளில் ரத்தானால் இழப்பீடு கிடையாது, கேட்பதிலும் நியாயம் இல்லை. ரீஃபண்டோ மாற்று விமானமோ மட்டும் கட்டாயம் உண்டு. புயலைக் காரணம் காட்டி ரீஃபண்டையும் கிரெடிட்டாகத் தள்ளிவிடப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மழை நாட்களில் ரத்தைவிடத் தாமதம்தான் அதிகம். தாமதத்துக்கு நம் நாட்டில் ரொக்க இழப்பீடு இல்லை. இது தெரியாமல் பலர் கவுன்டரில் தொண்டை வறளக் கத்துகிறார்கள். மதுரை போன்ற குறுகிய பயணத்தில், செக்-இன் செய்துவிட்டுக் காத்திருப்பவருக்கு 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் வேறு விமானமோ முழு ரீஃபண்டோ கேட்கலாம். இரவு 8 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க ஹோட்டலும் உண்டு. வானிலை மாதிரியான காரணம் என்றால் ஹோட்டலுக்கு மறுப்பார்கள், மாமியாரோடு போகும்போது அதை நம்பி இருக்க வேண்டாம்.

கவுன்டரில் நிற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் விமான நிறுவனத்தின் ஊழியர்கள்கூட இல்லை, கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள். அவர்களால் எதையும் முடிவு செய்ய முடியாது. பேச வேண்டியது டியூட்டி மேனேஜரிடம். ரத்துக்கான காரணத்தை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வீல்சேர் கேட்டிருந்தால், விமானம் மாறினாலும் அது தொடர்கிறதா என்று அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வயதானவர்களோடு வருபவர்கள் இதைத்தான் மறந்துவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

டிசம்பர் பயணத்துக்கு, முடிந்தால் அன்றைய முதல் விமானத்தில் போடுங்கள். முந்தின தடங்களின் தாமதம் அதைக் குறைவாகத்தான் தொடும், அது ரத்தானாலும் அதே நாளில் வேறு விமானம் கேட்க வாய்ப்பு இருக்கும். அதோடு முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸிலும் மூன்று டிக்கெட் போட்டு வையுங்கள், உங்களுக்குப் பக்கத்திலேயே தாம்பரத்தில் நிற்கும். புயல் எச்சரிக்கை இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் முன்பே ரத்து செய்துவிடுங்கள். பிடித்தம் போக மீதி திரும்ப வந்துவிடும்.