கனிமப் பவுடர்: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: சில ஆண்டுகளாக எந்த ஃபவுண்டேஷன் பூசினாலும் கன்னம் சிவந்து அரிக்கிறது. தோழி சொன்னதைக் கேட்டு, ‘இயற்கைக் கனிமம்’ என்று அச்சிட்ட பவுடருக்கு மாறினேன். வியர்த்தால் அதிலும் முகம் சுருக்கென்று குத்துகிறது. கனிமமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் எதைத்தான் வாங்குவது?

பதில்: முதலில் அந்தப் பவுடரை நிறுத்திவிட்டு, டப்பாவைத் திருப்பி, உட்பொருள் பட்டியலில் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு என்ற பெயரோ சி.ஐ. 77163 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். முத்துப்போன்ற மினுமினுப்புக்காகவும், தோலில் வழுவழுப்பாகப் படிவதற்காகவும் சேர்க்கப்படும் இந்தப் பொருள், சிலருக்கு, அதிலும் வியர்வையும் உராய்வும் சேரும்போது, நீங்கள் விவரிக்கும் அதே குத்தலையும் அரிப்பையும் தருகிறது. அது இருந்தால், அது இல்லாத ஒரு கனிமப் பவுடரைத் தேடுங்கள்; கனிமங்கள் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியதில்லை.

மண்ணிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பொருள் தோலுக்கு இதமாக இருந்துவிடாது. பவுடருக்குச் சரும நிறத்தைத் தரும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் நிலத்திலும் கிடைக்கின்றன என்றாலும், அவற்றோடு ஈயம், ஆர்செனிக் முதலியவை கலந்திருக்கக்கூடும் என்பதால், ஒப்பனைப் பொருள்களுக்கென்று அவற்றை ஆலையில் செயற்கையாகவே தயாரிக்கிறார்கள். இதை நான் குறையாகக் கருதவில்லை. தூய்மையான செயற்கை நிறமியே நம் தோலுக்குப் பாதுகாப்பானது.

கனிமப் பவுடரின் உண்மையான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. அதில் தண்ணீர் இல்லாததால் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. ஆகவே பதப்படுத்தும் பொருள்கள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஒப்பனைப் பொருள்களால் வரும் தோல் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்கள் நறுமணப் பொருள்களும் இந்தப் பதப்படுத்திகளும்தாம். மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியால் ஒவ்வாமை பெருகியதால், பூசியபின் கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடைசெய்தது. உங்கள் பழைய ஃபவுண்டேஷன்களும் இத்தகைய பொருள்களால்தான் தொல்லை கொடுத்திருக்கக்கூடும்.

எனவே வாங்கும்போது குறுகிய பட்டியலாகப் பாருங்கள். மைக்கா, ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு, இரும்பு ஆக்சைடு, சிலிக்கா ஆகியவற்றோடு முடிந்துவிடும் பவுடர் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல தொடக்கம். பட்டியலில் அதிக அளவில் உள்ள பொருள் முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் குறைவானவை எந்த வரிசையிலும் வரலாம். ஆனால் ‘பர்ஃப்யூம்’ கடைசியில் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாதீர்கள், ஏற்கெனவே ஒவ்வாமை வந்த தோலுக்கு மிகச் சிறிய அளவே போதும். லாவெண்டர் போன்ற தாவர எண்ணெய்களுக்கும் இது பொருந்தும்: அவற்றிலுள்ள லினலூல், காற்றுப்பட்டுச் சிதையும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாகிறது. இளஞ்சிவப்பு நிறங்களில் கார்மைன், அதாவது சி.ஐ. 75470, இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கப்படும் நிறமி என்பதும், அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

புதிய பவுடரை நேரே முகத்தில் பூசாமல், முழங்கையின் உட்புற மடிப்பில் நாளுக்கு இருமுறை என ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை பல நேரங்களில் இரண்டு மூன்று நாள் கழித்தே தலைகாட்டும் என்பதால், ஒரு நாள் சோதனை போதாது. பூசும் விதத்தையும் கவனியுங்கள். விறைப்பான தூரிகையால் வட்டமாக அழுத்தித் தேய்ப்பதே மென்மையான தோலைச் சிவக்க வைக்கும். மென்மயிர்த் தூரிகையால் ஒற்றியெடுத்தால் போதும். தூரிகையை அடிக்கடி கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே டப்பாவுக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில்லாத பவுடரின் பயன் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் அரிப்பு தொடர்ந்தால், தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகு மீண்டும் சில நாளில் பார்ப்பார்கள். எது ஆகாது என்று பெயரோடு தெரிந்துவிட்டால், கடையில் உங்கள் குழப்பம் வெகுவாகக் குறையும்.

கேள்வி: என் கனிமப் பவுடரில் எஸ்.பி.எஃப். 15 என்று இருக்கிறது. தனியாக சன்ஸ்கிரீன் வேண்டுமா?

பதில்: வேண்டும். வெயிலிலிருந்து தோலைக் காக்கும் அளவைக் குறிக்கும் அந்த எண், தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் பூசிக் கணக்கிடப்படுவது. முகப்பவுடரை யாரும் அவ்வளவு தடிமனாகப் பூசுவதில்லை. சன்ஸ்கிரீனைப் பூசி, அது தோலில் படிந்தபின் மேலே பவுடரைப் போடுங்கள். முகத்தில் கருந்திட்டு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள பவுடர் கூடுதல் பயன் தரும், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. கட்டியாக அழுத்தாமல் தூளாகவே வரும் தளர்பவுடரைப் பயன்படுத்துவோர் அதை முகத்தருகே உதறாமல், மூடியில் சிறிது கொட்டித் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துகள் மூச்சோடு உள்ளே போவது நல்லதல்ல.