ஐம்பதை நெருங்கும்போது வயிறு முன்தள்ளித் தெரிகிறது, புடவையை எப்படிக் கட்டினால் எடுப்பாக இருக்கும்?

எடை பெரிதாகக் கூடாவிட்டாலும் இப்படி ஆகும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கிறது.

முதலில் உள்பாவாடையைக் கவனியுங்கள். நாடாவை இறுக்கினால் வயிறு உள்ளே போகாது, மேலும் கீழுமாகப் பிதுங்கும், போதாததற்கு வருடக்கணக்கில் உராய்ந்து இடுப்புத் தோலும் கறுத்துப் போகும். அகலப் பட்டி வைத்துத் தைத்த பாவாடை நல்லது. பாவாடைக்குப் பதில், உடம்பை ஒட்டிப் பிடிக்கும் சேலை ஷேப்வேரும் போடலாம், ஆனால் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதெல்லாம் தேவையா என்று தோன்றும். தொப்புளுக்குச் சற்று மேலேயே கட்டி, கொசுவத்தை அகலமாக, குறைந்த மடிப்புகளோடு எடுத்து, உள்பக்கம் ஒரு பின் குத்திச் செருகினால் முன்னால் கொத்தாக உப்பாது. கஞ்சி போட்ட காட்டனும் ஆர்கன்சாவும் விறைத்து நிற்கும். கிரேப், மைசூர் சில்க் மாதிரித் துணிகள் உடம்போடு விழும், ரொம்ப மெல்லிசாக இருந்தால்தான் எல்லா வளைவையும் காட்டிக்கொடுக்கும். அப்புறம், ரவிக்கையை ஓரிரு அங்குலம் இறக்கித் தைக்கச் சொல்லுங்கள், மடிப்புச் சதை மறையும்.

சுடிதார் என்றால் பக்கவெட்டு வயிற்றின் அகலமான இடத்துக்குக் கீழே தொடங்கட்டும்.