கடைக்குக் கைகொடுங்கள், புகையைக் கூட்ட வேண்டாம்

கேள்வி (ஜனவரி 2021): தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவும் நானும் வராந்தாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுருட்டு பிடிப்பது வழக்கம். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. நாங்கள் வாங்கும் புகையிலைக் கடை போன வருட விற்பனைத் தடையில் படுத்துவிட்டது. இப்போது திறந்திருக்கிறது, ஆனால் கொரோனா இரண்டாம் அலைக்குப் பயந்து ஆள் வருவதில்லை. கடைக்கார அங்கிளுக்கு உதவ நிறைய வாங்கலாமா? இந்த நேரத்தில் சுருட்டு பிடிப்பது சரிதானா?

பதில்: முதலில் அப்பா. இந்த அலை ஓயும்வரை அவர் சுருட்டைத் தொட வேண்டாம். வயது ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம், இதில் புகையும் சேர்ந்தால் உடம்பு எதைத்தான் தாங்கும்? புகைப்பவர்களுக்குக் கொரோனா கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. 'நாங்கள் உள்ளே இழுப்பதில்லையே' என்று அப்பா சொல்லக்கூடும். இழுக்காவிட்டாலும் சுருட்டுப் புகையின் நிகோடின் வாய்க்குள்ளிருந்தே ரத்தத்தில் ஏறும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு அதுவும் காரணம்தான். சுருட்டை ரசிப்பவன் என்பதால்தான் இதை மழுப்பாமல் சொல்கிறேன்.

நீங்கள் பிடிப்பது உங்கள் முடிவு. ஆபத்தில்லாத சுருட்டு என்று ஒன்று கிடையாது. ஆனால் காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது என்று ஏதாவது வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குணமான பிறகும் டாக்டரைக் கேட்காமல் பற்றவைக்காதீர்கள். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய அறையில் வேண்டவே வேண்டாம், அப்பா பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். கட்டர், லைட்டர் எல்லாம் அவரவருக்குத் தனி. நுனியை நாக்கால் நனைத்து வெட்டுவதை விட்டுவிடுங்கள். வீட்டில் முனீஸ்வரர் பூசை வைத்தால், படையல் சுருட்டை ஆளுக்கொரு இழுப்பு என்று சுற்றுக்கு விடாதீர்கள். சாமிக்கு வைத்தது சாமியோடே இருக்கட்டும்.

கை சுத்தத்தில் ஒரு எச்சரிக்கை. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். அது காயாத கையோடு தீக்குச்சி உரசினால் கையே பற்றிக்கொள்ளும். அதன் நெடி சுருட்டின் மேல் இலையிலும் ஒட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அப்புறம் சுருட்டை எடுங்கள்.

சரி, இனி கடை. 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை நாட்டில் புகையிலை விற்கவே கூடாது என்று இருந்தது. மே மாதம் திறக்கலாம் என்று ஜனாதிபதி ராமபோசா ஏப்ரலில் சொன்னார். சில நாளிலேயே அமைச்சர் தலாமினி-சூமா அதை மாற்றினார். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வாங்கிப் புகைப்பதால் தொற்று பரவும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் புகைத்தவர்களில் பெரும்பாலோர் நிறுத்தவில்லை, திருட்டுச் சரக்கை இரட்டை மடங்கு விலைக்கும் மேலே வாங்கினார்கள். வரி கட்டி, ரசீது போட்டு, 18 வயது ஆகாதவனைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர்தான் வெறும் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு வாடகை கொடுத்தார். அந்த விற்பனைத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் அந்த மாதங்களின் வியாபாரம் திரும்பி வராது. அதனால்தான் அங்கிளுக்கு உதவ நினைக்கும் உங்கள் மனசை நான் மதிக்கிறேன்.

ஆனால் நிறைய வாங்குவது வேறு, நிறைய பிடிப்பது வேறு. சிகரெட் போல் அல்ல, நல்ல சுருட்டைச் சரியாக வைத்தால் வருடக்கணக்கில் கெடாது, சில வகைகள் இன்னும் பதமாகும். ஆகவே ஒன்றிரண்டாக வாங்குவதை விட்டு ஒரு பெட்டியாக வாங்கி, மூடி எடுத்து வையுங்கள். அங்கிளுக்குப் பணம் இன்றே கிடைக்கும், நீங்கள் எண்ணிக்கையைக் கூட்டவும் தேவையில்லை. கையில் இருக்கிறதே என்று வாரம் இரண்டாகும் என்று தோன்றினால், பெட்டி வேண்டாம். கட்டர், லைட்டர், ஈரப்பதப் பை, சாம்பல் தட்டு என்று வாங்குங்கள். பல கடைகளில் சாமானில்தான் நல்ல லாபம் நிற்கும்.

எடுத்து வைக்கும் இடத்தில்தான் டர்பன்காரர்கள் தவறுகிறார்கள். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் போதும். ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காற்று வறண்டு இலை வெடிக்கும், அங்கே பெட்டிக்கு ஈரம் கொடுக்க வேண்டும். நமக்கோ ஜனவரிக் காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். ஹியூமிடாருக்குள் (சுருட்டு வைக்கும் ஈரப்பதப் பெட்டி) தண்ணீர் ஊற்றினால் பூஞ்சைதான் மிச்சம். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்றே போதும், உள்ளே 65 என்று அச்சிட்ட இருவழி ஈரப்பதப் பை ஒன்று. அது குறைந்தால் கொடுக்கும், கூடினால் உறிஞ்சிக்கொள்ளும்.

ஈரப்பதமானியை நம்பும் முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் ஒரே டப்பாவில் அடைத்து ஒரு ராத்திரி விட்டால், காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் கருவி நாலு குறைவாகக் காட்டுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு எதிரி புகையிலை வண்டு. சுமார் 25 டிகிரிக்கு மேல் போனால் இலைக்குள் இருக்கும் முட்டை பொரியும். மேல் இலையில் குண்டூசித் தலையளவு ஓட்டை, கீழே மெல்லிய தூள் என்று கண்டால் அந்தப் பெட்டியைத் தனியே பிரித்துவிடுங்கள். மீதியை இரண்டு ஜிப் பைகளில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள், ஃபிரீசரில் மூன்று நாள், மறுபடி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்து, வெளியே எடுத்த பிறகும் இலை அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் இலை வெடிக்கும். நடுவில் லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால் ஃபிரீசரில் ஒரு நாள் கூட வைத்துவிடுங்கள். நிரந்தரமாக ஃபிரிட்ஜில் வைப்பது வேண்டாம். காய்ந்துபோகும், மீன் கறி வாசமும் ஏறும்.

கடைக்குப் போகும் விதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மாஸ்க்கைக் கீழே இறக்கி ஒவ்வொன்றையும் மோந்து, அழுத்திப் பார்த்து எடுக்கும் காலம் இது இல்லை. போனில் கேளுங்கள், செலோபேன் சுற்றியதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கூட்டமில்லாத வேளையில் போய் வாங்கி வந்துவிடுங்கள். பின்னால் நின்று அரட்டை அடிப்பதைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாம். அங்கிளுக்கும் வயசானவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

அவர் முன்பணம் கேட்டால், உங்களால் இழக்க முடிந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள். எந்த வகை, என்ன அளவு, எத்தனை என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குக் கடன் பாக்கி இருந்தால் இந்த வாரமே தீர்த்துவிடுங்கள், புதுச் சரக்கைவிட அதுதான் அவருக்கு இப்போது முதலில் வேண்டியது.