மகள் கழற்றி வைத்த ஸ்வெட்டர்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். பூண்டு, கேரட், கொஞ்சம் பீன்ஸ் போடுகிறோம். கறவை மாடு இரண்டு, கோழி பத்துப் பதினைந்து. மதுரைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் குளிர் தாங்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டேன். இப்போது அது இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. ஆனால் ஏழு வேலை பாதியில் கிடக்கிறது. "ஊசியைப் பிடிச்சு உக்காந்துட்டா மாட்டை யாரு பாக்குறது" என்கிறார் அத்தை. "டூரிஸ்ட் கடையில குடுத்தா காசாவது வரும்ல" என்கிறார் கணவர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒன்பது வயது மகளுக்காக இரண்டு மாதம் ராத்திரி கண்விழித்து ஒரு கம்பளி ஸ்வெட்டர் பின்னினேன். இரண்டே நாள் போட்டாள். "குத்துதும்மா" என்று கழற்றி வைத்துவிட்டு, கடையில் வாங்கிய பழையதையே போடுகிறாள். அன்றிலிருந்து ஊசியைத் தொட மனம் வரவில்லை. விட்டுவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், மேல்மலை

பதில்: அன்புத் தங்கைக்கு,

விட வேண்டாம். அத்தை சொன்னதையும் கணவர் சொன்னதையும் இத்தனை வருடம் தாங்கிய நீங்கள், மகள் சொன்ன ஒரே வார்த்தையில் ஊசியைக் கீழே வைத்துவிட்டீர்கள். அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன். அவள் "குத்துது" என்று சொன்னால் குத்துகிறது என்றுதான் பொருள். "அம்மா பின்னியது எனக்கு வேண்டாம்" என்று நீங்களாக அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பளி ஏன் குத்துகிறது தெரியுமா? அதன் இழைப் பருமனை மைக்ரானில் அளப்பார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஏறக்குறைய 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழையின் நுனி தோலில் பட்டால் வளைந்து கொடுக்காது, முள் மாதிரி நிற்கும். இருபது மைக்ரானை ஒட்டிய மெல்லிய இழை தானே மடங்கிவிடும். உங்கள் மேல்மலை மன்னவனூரில் 1965-லிருந்து மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, அங்கே வளர்க்கிற பாரத் மெரினோ ஆட்டு ரோமம் அந்த மெல்லிய சாதி. அதையும் வீட்டில் கிடக்கும் நாட்டுக் கம்பளியையும் தொட்டுப் பார்த்தால் விரலுக்கே வித்தியாசம் தெரியும். நீங்கள் வாங்கிய நூல் முரட்டு ரகமாக இருந்திருக்கும். அடுத்த முறை நூல் வாங்கும்போது கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோட்ட வேலை செய்து காய்ந்த கைக்கு எல்லாமே மென்மைதான். கழுத்தின் பக்கவாட்டில் அரை நிமிடம் வைத்து அழுத்திப் பாருங்கள், அது சொல்லிவிடும்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. பத்து வயதில் எனக்கு அம்மா ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு கிளம்புவேன், தெரு திரும்பியதும் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவேன். மாலையில் அதே திருப்பத்தில் மறுபடி மாட்டிக்கொள்வேன். ஒருநாள் எடுத்துப் போட்டபோது கழுத்துக்கு உள்பக்கம் சுற்றிலும் மெல்லிய மல் துணி வைத்துத் தைத்திருந்தது. எங்கள் பழைய தாவணித் துணி. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஸ்வெட்டரைக் கை குட்டையாகும்வரை போட்டேன்.

உங்களுக்கும் முழு ஸ்வெட்டரையும் பிரிக்கும் வேலை இல்லை. குத்துவது பெரும்பாலும் கழுத்திலும் மணிக்கட்டிலும்தான். உடம்புக்கு உள்ளே முழுக்கை பனியன் போட்டுவிட்டால் போதும். கழுத்துப்பட்டையைக் கடைசியில் கண்ணி, அதாவது ஊசியில் விழும் நூல் வளையம், எடுத்துத்தானே பின்னியிருப்பீர்கள்? முடித்த இடத்தில் முடிச்சை அவிழ்த்தால் அந்தப் பட்டை மட்டும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். அங்கே பருத்தி நூலோ, குழந்தைகளுக்கென்று வரும் மெத்தென்ற அக்ரிலிக் நூலோ வைத்துப் பின்னுங்கள். நிறத்தை மகளே தேர்ந்தெடுக்கட்டும். கைப்பட்டைக்கும் அதே நூல். இரண்டு மூன்று ராத்திரி வேலை.

பிரித்த நூலைத் தூக்கிப் போடாதீர்கள். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு ஊறவையுங்கள். அலசிப் பிழிந்து, அடியில் சின்னக் கனம் ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் சுருள் போய் நேராகிவிடும். கசக்க மட்டும் கூடாது, திரண்டு போகும்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குக் கணக்கு தெரியவில்லை. உட்கார வைத்துச் சொல்லுங்கள். பெரியவர் ஸ்வெட்டர் ஒன்று 90 சென்டிமீட்டர் சுற்றளவு, 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்றால் ஒரு சுற்றுக்கு 198 கண்ணி. 60 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 180 வரிசை. உடம்புக்கு மட்டும் 35,000 கண்ணிக்கு மேல். நிமிடத்துக்கு 25 கண்ணி போட்டாலும் கிட்டத்தட்ட 24 மணி நேரம். இரண்டு கைக்கும் இன்னொரு பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பூண்டு உரிக்கிற கூலி போட்டால்கூட என்ன விலை வரும்? கடையில் தொங்குவது லூதியானாவில் மெஷினில் போட்ட ஸ்வெட்டர். அந்த விலையோடு உங்கள் கை மோத முடியாது. விற்றுத்தான் பார்ப்போமே என்று உங்களுக்கே ஆசை இருந்தால் குல்லா பின்னுங்கள். பெரியவர் குல்லா ஆறாயிரம் கண்ணிக்குள் முடியும், நாலு மணி நேரம். விற்க விருப்பமில்லையென்றால் "இது வீட்டுக்கு" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குச் சமைப்பதை யாரும் ஹோட்டல் விலையில் கணக்குப் பார்ப்பதில்லையே.

அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அத்தையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும் நேரத்தில் அந்த வயதில் மாட்டுக்கடியில் குத்தவைத்து உட்கார்ந்தால் விரல் விறைத்துப்போகும். அவர் கோபம் உங்கள் நூல் மேல் இல்லை. தன் காலத்தில் உட்காரவே நேரம் கிடைக்காதவர் அவர். அந்த வீட்டில் பின்னல் இதுவரை அவருக்காக ஒன்றும் செய்யவில்லை, இல்லையா? அவருக்கு ஒரு ஜோடி மணிக்கட்டு உறை பின்னிக் கொடுங்கள். விரலுக்குக் குறுக்கே வராது, நரம்பு ஓடும் இடம் சூடாக இருக்கும், கையும் இலகுவாக அசையும். கம்பளி வேண்டாம். தினமும் பாலும் சாணியும் படும், அடித்துத் துவைக்க அக்ரிலிக்தான் தோது.

கறவை நேரத்தில் பின்னலை ஒதுக்கிவையுங்கள். அதில் அத்தை சொல்வது சரிதான். மதியம் மழைக்கு ஒதுங்கும் நேரமும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் நேரமும் உங்களுடையது. மகளுக்காகக் கண்விழித்ததை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள். குளிருக்கு வேண்டியதை ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிட்டால் நவம்பர் பூண்டு நடவுக்குள் முடிந்துவிடும்.

அப்புறம் அந்த ஏழு பாதி வேலை. எல்லாவற்றையும் ஒருநாள் கட்டிலில் பரப்பிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இப்போதே சிறிதாகிவிட்டதைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். பார்த்ததும் கை துறுதுறுக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது யாருக்கென்று பிறகு யோசிக்கலாம். மிச்சத்தை நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். உங்கள் ஊர் மூடுபனி ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும், கம்பளிக்குப் பூச்சியும் வரும்.

ஆனால் முதலில் அத்தையின் உறை. 10-ஆம் நம்பர் ஊசி, நடுத்தர நூல், 40 கண்ணி. இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்று ஒரு சாண் உயரம் பின்னி ஓரத்தை இணைத்துவிடுங்கள். கட்டைவிரல் நுழைய இரண்டு விரல்கடை இடைவெளி விட மறக்காதீர்கள். நூல் உருண்டை சுற்றும்போது சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டை, அத்தை கையில் மாட்டிவிட்டு எதிரே உட்காருங்கள்.

அன்புடன்,
அக்கா