பவளப்பாறை மீன்வளத்தை நீடித்துப் பேணுவது என்றால் என்ன?

பிறந்து வளரும் மீன்களின் எண்ணிக்கையை மீறாமல் பிடிப்பது, அவை வாழும் பவளப்பாறையைச் சிதைக்காமல் விடுவது, இவ்வளவுதான்.

அளவுக்கு மீறிப் பிடிக்கக் கூடாது என்பதற்கான காரணம் பெரிய மீன்களில் இருக்கிறது. ஒரு பெரிய பெண் களவா மீன் இடும் முட்டைகள், மொத்தமாக அதே எடை வரும் பல சிறு களவாக்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம். நல்ல விலைக்குப் போவதால் முதலில் பிடிபடுவதும் அதுதான். விதைநெல்லைச் சமைத்துவிட்டு அடுத்த போகத்துக்குக் கையைப் பிசைவது போன்ற நிலை. கிளிமீன்களும் முக்கியம்: பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை அவை. அவை அருகினால் பாசி மூடிப் பவளம் நலிகிறது.

பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் மீன் பிடிக்கப் பயன்படுத்திய வெடியும் சயனைடு நஞ்சும் கடலைப் பாழாக்கி வந்தன. உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் சில்லிமான் பல்கலைக்கழகத்தினரும் மக்களோடு பேசிப் பேசி, 1982இல் பாறையின் ஒரு சிறு பகுதியை யாரும் மீன் பிடிக்காத இடமாக்கினார்கள். காவல் காத்ததும் ஊர்க்காரர்களே. வெற்றிக்கு அதுவே முதற்காரணம் என்பேன். உள்ளே பெரிய மீன்கள் பெருகின. சில ஆண்டுகளில், எல்லையை ஒட்டித் தூண்டில் போட்டவர்களுக்கும் கூடுதலாகக் கிடைத்தது.

இதை முழு மீன்பிடித் தடை என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல, அப்போ தீவு மீனவர்கள் அந்த எல்லைக்கு வெளியே தொழிலைத் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.