சிவப்பு லைட் எரிஞ்சா என்ன அர்த்தம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை முழுக்க வீட்டு ஃபைபர் நெட் பற்றிய கேள்விகள்தான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி (வாசகி, தாம்பரம்): அடுத்த வாரம் புது வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வருகிறார். வாசல் கதவுக்கு மேலேயே வைஃபை பெட்டியை (மோடம்) மாட்டிவிட்டால் வயர் மிச்சம் என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா? அவர் இருக்கும்போதே நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அவருக்கு வயர் மிச்சமாகும், உள் ரூமில் படுத்துக்கொண்டு போன் பார்க்கிற உங்களுக்கு வைஃபை மிச்சம் இருக்காது. வேண்டாம். வீட்டுக்கு நடுவாக, ஹாலும் படுக்கையறைகளும் சேருகிற இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், இரும்பு பீரோ பக்கத்தில் எல்லாம் ஆகாது. கூடுதல் வயருக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது ஒரு தடவைச் செலவு.

கேபிள் உள்ளே நுழைகிற துளையைக் கட்டாயம் நின்று பாருங்கள். துளை வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். கேபிள் துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகணும். அப்போதுதான் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். என் வீட்டில் மேலிருந்து நேராக உள்ளே இழுத்துவிட்டுப் போனார்கள், ஐப்பசி மழையில் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே இறங்கி, புதுப் பெயின்ட் சுவரில் இந்தியா மேப் போட்டது.

உள்ளே கேபிளை மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். இது செம்புக் கம்பி இல்லை, தலைமுடி மொத்தத்தில் இருக்கிற கண்ணாடி இழை. மூலையில் செங்குத்தாக மடித்தால் உடையாவிட்டாலும் உள்ளே ஓடுகிற ஒளி வெளியே கசிந்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் அதிகம் விட்டு உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றி வைத்தால், நாளைக்கு முனை உடைந்தாலும் வெட்டிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, அவர் கையில் கேபிளில் வருகிற ஒளியை அளக்கும் பவர் மீட்டர் இருக்கும். "பவர் எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். மைனஸ் 18, மைனஸ் 22 என்றால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் ஓரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு, 3 கூடினால் வெளிச்சம் பாதியாகிவிடும். "இப்ப நெட் வருதுல்ல மேடம்" என்பார். வரும்தான், எங்கேயாவது இன்னும் ஒரு மடிப்பு விழும் வரைக்கும். கேபிள் முனையில் இருக்கிற கனெக்டரின் நிறத்தையும், அது செருகுகிற இடத்தின் நிறத்தையும் பாருங்கள். பச்சையில் பச்சை, நீலத்தில் நீலம். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. மாற்றிச் செருகினால் உள்ளே போகும், ஆனால் இரண்டு முனையும் சரியாக ஒட்டாது, பவர் படுத்துவிடும். அன்றைக்கு வந்த எண்ணைப் பெட்டியின் பக்கத்திலேயே பென்சிலில் எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், குற்றாலம்): மாதம் ஒரு தடவையாவது பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது. குரங்கு கேபிளைக் கடித்துவிட்டது என்று லைன்மேன் சொல்கிறார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஊரில் குரங்கைக் குறை சொன்னால் மறுக்க முடியாது! எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியிருக்கிற லைட் சிவப்பாக இருந்தால், பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். நூறு தடவை ஆஃப் பண்ணினாலும் பிரயோஜனம் இல்லை. பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் வயர் (பேட்ச் கார்டு என்பார்கள்) லூஸாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வீடு பெருக்கும்போது இடித்திருக்கலாம். கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அப்புறம் பக்கத்து வீட்டில் நெட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தெருவில் ஒரு ஸ்ப்ளிட்டரிலிருந்துதான் எட்டு, பதினாறு வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லோருக்கும் போயிருந்தால் மெயின் கேபிளில் வெட்டு, உங்களுக்கு மட்டும் என்றால் போஸ்ட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிற கேபிளில். போனில் "நெட் வரலை" என்பதற்குப் பதிலாக இதைச் சொன்னால், ஃபைபர் ஒட்டுகிற மெஷினோடு வரணுமா, ஏணி போதுமா என்று லைன்மேனுக்குப் புரியும். அரை நாள் மிச்சம்.

மாதாமாதம் கடித்த இடத்தில் ஜாயின்ட் போட்டுக்கொண்டே போவது ஒட்டுப்போட்ட சைக்கிள் ட்யூப் மாதிரி, ஒவ்வொரு ஜாயின்ட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். முழு நீளத்தையும் மாற்றச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்குக் குறுக்கே தொங்கவிடாமல் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, கடைசிப் பகுதியை பிவிசி பைப்புக்குள் விட்டுக் கொண்டுவரட்டும். குரங்குக்குப் பிடித்து ஊஞ்சலாட ஒன்றும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி (வாசகர், கோவை): 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். லேப்டாப்பில் கேபிள் செருகிப் பார்த்தாலும் 94க்கு மேல் போகவே இல்லை. போனில் 40தான். கம்பெனி ஏமாற்றுகிறதா?

பதில்: 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். 90க்கும் 95க்கும் நடுவே ஸ்பீடு முட்டி நின்றால் பெரும்பாலும் லைன் மேல் தப்பில்லை, எங்கேயோ 100 எம்பிபிஎஸ் போர்ட் ஒன்று வழியில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ரூட்டர், பழைய லேப்டாப், இல்லையென்றால் அந்த லேன் கேபிள். கேபிளின் பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு நிறக் கம்பிகளும் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தால் 100ஐத் தாண்டவே தாண்டாது. எட்டும் இருந்து அதில் ஒன்று அறுந்திருந்தாலும் அதே கதிதான். நல்ல கேட் 6 (Cat 6) லேன் கேபிள் ஒன்று வாங்கி மாற்றிப் பாருங்கள்.

போனில் 40 என்றால் பெரும்பாலும் நீங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறீர்கள். அது சுவர் தாண்டிப் போகும், ஆனால் பக்கத்து ஃபிளாட் வைஃபை, மைக்ரோவேவ் அவன் எல்லாம் அதே அலைவரிசையில்தான் சத்தம் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டுப் பெட்டி இருக்கிற அறையிலேயே ஒரு தடவை டெஸ்ட் போட்டுப் பாருங்கள். அங்கே 250 வந்து, படுக்கையறையில் 30 வந்தால், பிளானை 500க்கு ஏற்றுவதால் பைசாவுக்குப் பயனில்லை.

கேள்வி (வாசகி, மதுரை): நெட் ஸ்லோவாக இருந்தது என்று என் தங்கை மகன் பெட்டியின் பின்னால் ஊசியால் ரீசெட் அழுத்திவிட்டான். இப்போது சுத்தமாக நெட் இல்லை. பெட்டி கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, மறந்துவிட்டது. கம்பெனி உள்ளே போட்டு வைத்திருந்த யூசர்நேம், பாஸ்வேர்டு, செட்டிங் எல்லாம் அழிந்திருக்கும். கஸ்டமர் கேரில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், பல கம்பெனிகள் அங்கிருந்தே திரும்ப ஏற்றிவிடுவார்கள். தம்பிக்குச் சொல்லுங்கள்: ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு.

கேள்வி (வாசகர், விழுப்புரம்): கரண்ட் போனால் நெட்டும் போகிறது. இதற்காக இன்வெர்ட்டர் வாங்கணுமா?

பதில்: வேண்டாம். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதற்கென்றே மினி யுபிஎஸ் கிடைக்கிறது. தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, உங்கள் பெட்டி உயிரோடு இருந்தால் போதும். ஆனால் சில அபார்ட்மென்ட்களில் மாடிப்படி பெட்டி வரைக்கும்தான் ஃபைபர், அங்கே நெட்டைப் பிரிக்கிற ஸ்விட்ச் என்ற கருவியை வைத்து வீடுகளுக்கு லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். உங்களுடையது அப்படி என்றால் அந்த ஸ்விட்ச்சுக்கும் பேக்கப் வேண்டும்.

கேள்வி (வாசகர், சேலம்): பத்து நாளாக நெட் இல்லை. தினமும் "இன்னைக்கு சாயங்காலம் சார்" என்கிறார்கள். டிராய்க்கு எழுதலாமா?

பதில்: டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் கஸ்டமர் கேரில் டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள். லைன்மேனின் வாட்ஸ்அப்பில் சொன்னதெல்லாம் புகார்க் கணக்கில் வராது, பலரும் சறுக்குவது இங்கேதான். கெடுவுக்குள் தீர்க்காவிட்டாலோ, தீர்த்த விதம் பிடிக்காவிட்டாலோ, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளைக்குள் எழுதலாம், காசு கிடையாது. அவர் 39 நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915லும் பதிவு செய்யலாம். நெட் இல்லாத நாட்களுக்கு வாடகையைக் கழிக்கும்படி அந்த முதல் புகாரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.